டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாநாடு: பெரிய மேடையை விட்டு சின்ன அறைக்குப் போங்கள்

எங்களுக்கு டிசம்பர் மாதம்தான் உயிர். டைரியும் நோட்டுப் புத்தகமும் இணையத்தில் விற்கிறோம். ஆண்டு முழுக்க வரும் ஆர்டர்களில் பெரும்பங்கு அந்த ஐந்தாறு வாரங்களில்தான் வரும். போன டிசம்பரில் விற்பனை சரிந்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு வாராவாரம் அனுப்பும் மின்னஞ்சலின் அறிக்கையைப் பார்த்தால் ஓப்பன் ரேட், அதாவது மின்னஞ்சலைத் திறந்தவர்களின் விகிதம், முந்தைய ஆண்டு இருந்த அளவிலேயே இருந்தது. அத்தனை பேரும் திறந்து படிக்கிறார்கள், ஆனால் வாங்கவில்லை. அப்படியென்றால் தப்பு எங்கே? படத்திலா, அறிவிப்பிலா, நான் எழுதும் வரிகளிலா? மூன்று பேர் வேலை செய்யும் கடை எங்களுடையது. மார்க்கெட்டிங் முழுவதும் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். அதனால் இந்தக் கேள்வி பல நாள் என்னைத் தூங்க விடவில்லை.

இரண்டு நாள் நடக்கும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாநாட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். எங்கள் நிறுவனர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். "திரும்பி வந்ததும் நாம எதை மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க, அது போதும்" என்றார். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த டிசம்பர் கேள்வியை எழுதிக்கொண்டு கிளம்பினேன். இப்போது நான்கு மாதம் ஆகிவிட்டது. போய் வந்த சூட்டில் எழுதியிருந்தால் எல்லாமே பிரமாதம் என்று எழுதியிருப்பேன். கற்றதில் எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய அரங்கம், மூன்று சின்ன அறைகள், நடுவில் ஸ்பான்சர்களின் ஸ்டால்கள். எந்த நேரத்திலும் நான்கு அமர்வுகள் ஒன்றாக நடந்துகொண்டிருக்கும். பெரிய அரங்கில் பேசியதையெல்லாம் வீடியோவாகப் பதிவு செய்து பிறகு அனுப்பினார்கள். சின்ன அறைகளில் நடந்தது எதுவும் பதிவாகவில்லை. அட்டவணையில் இதை ஒரு வரி போட்டிருந்தால் முதல் நாள் காலையை நான் வேறு மாதிரி செலவழித்திருப்பேன். சின்ன அறைகளில் நாற்பது நாற்காலிதான். நிரம்பிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் நான் இரண்டு தடவை அப்படி வாசலிலிருந்து திரும்பினேன்.

பெரிய அரங்கைப் பற்றி எனக்குக் குறைதான் அதிகம். தொடக்க உரை செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. முக்கால் மணி நேர உரையில் கடைசிக் கால் மணி நேரம் பேச்சாளரின் சொந்த மென்பொருளுக்கு விளம்பரமாகவே போனது. காட்டிய வரைபடங்களில் கோடு மேலே ஏறியது. அச்சில் எண்ணே இல்லை. எதிலிருந்து எதற்கு ஏறியது என்று தெரியாத கோட்டை வைத்து ஒரு சின்னக் கடைக்காரர் என்ன முடிவெடுப்பார்? அந்த உரையில் எனக்குப் பயன்பட்டது ஒரே ஒரு இடம். தேடல் முடிவின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற சொல் புதிதாகச் சேர்ந்தது. எழுதுகிறவர் அந்தப் பொருளை உண்மையிலேயே கையால் தொட்டுப் பார்த்தவரா என்ற கேள்வி அது. எங்கள் தளத்தில் எல்லா நோட்டுக்கும் 'உயர்தரக் காகிதம்' என்று ஒரே வரியை ஒட்டி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. நான் தினமும் தொடுகிற காகிதம் அது. எந்தப் பேனா அதில் ஊறும், எது பின்பக்கம் தெரியும் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

அடுத்து குக்கீ பற்றிய உரை. நாம் போகும் தளங்கள் நம் பிரவுசரில் விட்டுச் செல்லும் சின்னக் குறிப்புதான் குக்கீ. நாம் திறந்த தளம் அல்லாமல் வேறொரு நிறுவனம், பெரும்பாலும் விளம்பரத்துக்காக, விட்டுச் செல்வது மூன்றாம் தரப்புக் குக்கீ. மூன்றாம் தரப்புக் குக்கீகளை கூகுளின் பிரவுசரான குரோம் சீக்கிரமே நிறுத்திவிடும், அதற்குள் தயாராகுங்கள் என்று அரை மணி நேரம் பேசினார்கள். கூகுள் அப்படி அறிவித்தது 2020 ஜனவரியில். பிறகு பல முறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிடுவதாகச் சொல்லிவிட்டது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சிலேயே அவற்றை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. ஆக, குரோமுக்கும் சஃபாரிக்கும் இடையில் நாம் என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி. அதை அந்த உரை தொடவே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கி இதைக் கேட்டார். "ஸ்லைடு கொஞ்சம் பழசு" என்று பதில் வந்தது. டிக்கெட் வாங்கி வருகிறவர்களிடம் பழைய ஸ்லைடைக் காட்டுவது சரியில்லை. ஏற்பாட்டாளர்கள் உரைகளை முன்கூட்டியே ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

பெரிய மேடையில் நான் ஆர்வமாகக் கேட்ட உரை ஒன்றே ஒன்று. ஈபே என்ற இணைய விற்பனை நிறுவனத்துக்குள் பொருளாதார ஆய்வாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடலிஸ் மூவரும் நடத்திய சோதனையைப் பற்றியது. அவர்களது கட்டுரை 2015-ல் வெளிவந்திருக்கிறது. 'ஈபே' என்று பெயரைச் சொல்லியே தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். வந்துகொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் விளம்பரத்துக்குக் கீழே இருந்த சாதாரண இணைப்பைத் தட்டி வந்துவிட்டார்கள். எப்படியும் வரப்போகிறவர்களை அழைத்து வரத்தான் அதுவரை செலவு செய்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் விளம்பரங்களிலேயே 'நல்ல பலன் தருவது' என்று மாதாமாதம் நான் அறிக்கையில் எழுதுவது, எங்கள் கடைப் பெயரில் ஓடும் விளம்பரத்தைத்தான்.

பேச்சாளர் அதோடு விடவில்லை. ஈபே உலகம் அறிந்த பெயர், உங்கள் பெயர் அப்படியில்லை, போட்டிக் கடைக்காரர் உங்கள் பெயருக்கே விளம்பரம் கொடுக்கலாம், அதனால் நீங்களே நிறுத்திப் பாருங்கள் என்றார். எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்ன பேச்சு அந்த மேடையில் அது மட்டும்தான்.

அப்புறம் சின்ன அறைகள். அடுத்த தடவை போகிறவர்கள் நேராக அங்கே போய்விடுங்கள்.

முதல் நாள் மாலை, தளத்துக்கு யார் எந்த வழியில் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் பற்றிய பயிலரங்கம். எல்லோரும் மடிக்கணினியைத் திறந்து அவரவர் கணக்கிலேயே வேலை செய்ய வேண்டும். நடத்தியவர் முதலில் கேட்டதே, "டேட்டா ரிடென்ஷன் செட்டிங்கை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?" என்பதுதான். மூன்று கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நின்றபோது, எல்லோரையும் போல நானும் அவசரமாக அதன் புதிய பதிப்பான ஜிஏ4-க்கு மாறினேன். அதில் தனித்தனி நிகழ்வுகளின் தரவு இரண்டு மாதம்தான் இருக்கும் என்பதுதான் அந்த செட்டிங்கின் தொடக்க அமைப்பு. நாமாகப் போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும். வழக்கமான அறிக்கைகளை இது பாதிக்காது. ஆனால் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' பகுதியில் ஆழமாகத் தோண்டினால் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒன்றும் கிடைக்காது. டிசம்பரோடு டிசம்பரை ஒப்பிடுவதுதான் எங்கள் பிழைப்பே. அதற்கு வேண்டிய தரவை நான் ஒவ்வொரு வாரமும் இழந்துகொண்டே இருந்திருக்கிறேன். அங்கேயே 14-க்கு மாற்றினேன். போனது போனதுதான்.

அதே அறையில் இன்னொன்றும் கற்றேன். மின்னஞ்சலிலும் விளம்பரத்திலும் போடும் இணைப்பின் வாலில், வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று காட்ட யூடிஎம் என்று ஒன்றைச் சேர்ப்போம் இல்லையா, அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்று கணக்காகும். 'ஈமெயில்' என்பதை நான் மூன்று விதமாக எழுதியிருந்தேன். அறிக்கையில் அது மூன்று வழியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் சிறியதாகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் ஐந்து விதமாக எழுதியிருந்தார். இப்போது எங்களிடம் ஒரு பக்கப் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத சொல்லை யாரும் இணைப்பில் போடக் கூடாது.

இரண்டாம் நாள் காலை மின்னஞ்சல் பயிலரங்கம். முந்தின நாள் கதவு சாத்திய அனுபவத்தால் அரை மணி நேரம் முன்பே போய் நின்றேன். அட்டவணையில் 'மின்னஞ்சல் போய்ச் சேருதல்' என்று சப்பென்று ஒரு தலைப்பு. உள்ளே நடந்தது ஒரு மருத்துவரிடம் வரிசையில் உட்கார்ந்து காட்டுவது போல. நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மின்னஞ்சல் சர்வர்களோடு பல ஆண்டு வேலை பார்த்தவர். ஸ்லைடு எதுவும் இல்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சிக்கலைக் கேட்டு, எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்த்தார்.

நான் டிசம்பர் கேள்வியைப் படித்தேன். அவர் கேட்டார்: "ஓப்பன் ரேட்டை விடுங்கம்மா. கிளிக் எவ்வளவு?"

மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தட்டியவர்களின் அந்த எண்ணிக்கை குறைந்திருந்தது. அதை நான் என் எழுத்தின் குறை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஜிமெயில் முகவரிகளைத் தனியாவும் மத்ததைத் தனியாவும் பிரிச்சு கிளிக்கைப் பாருங்க."

மடிக்கணினியில் அங்கேயே பிரித்தேன். ஜிமெயில்காரர்களிடமிருந்து டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கிளிக் ஏறக்குறைய இல்லவே இல்லை. மற்றவர்களிடம் எப்போதும் போல இருந்தது. அந்த இரண்டு வரிசைகளையும் நான் மறக்க மாட்டேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மின்னஞ்சலைத் திறந்தார்களா என்று நமக்குத் தெரிவது, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளி அளவு படத்தால். படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. ஆப்பிள் 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15-ஓடு ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதை வைத்திருப்பவர்களுக்கு வரும் மின்னஞ்சலின் படங்களை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நம் அறிக்கையில் 'திறந்தார்' என்றே விழும். எங்கள் பட்டியலில் ஆப்பிள் மெயில்காரர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தார்கள். ஜிமெயில் பக்கம் விழுந்த பள்ளத்தை அந்தப் பொய்யான 'திறப்பு' நிரப்பிவிட்டது. மொத்தத்தைப் பார்த்த எனக்கு எல்லாம் சமமாகத் தெரிந்திருக்கிறது.

சரி, ஜிமெயிலில் ஏன் விழுந்தது? "உங்க கடை அனுப்பின மெயில் ஒண்ணை ஜிமெயில்ல திறங்க. மூணு புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போங்க" என்றார். மின்னஞ்சல் உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவு அங்கே இருந்தது. எஸ்பிஎஃப் தேறியிருந்தது. டிகிம் தேறியிருந்தது. டிமார்க் தோல்வி. முதல் இரண்டும் தேறிய பிறகு மூன்றாவது எப்படித் தோற்கும் என்று கேட்டேன். அவற்றில் இருந்தது மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவையின் டொமைன், அதாவது இணையப் பெயர். அனுப்புநர் முகவரியில் இருந்தது எங்கள் டொமைன். இரண்டும் பொருந்த வேண்டும். வேறு ஒருவரின் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்வது போல, என்றார்.

2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளில் சுமார் 5000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களிடம் கூகுள் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. யாஹூவும் அதே மாதத்தில் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. மூன்றும் இருக்க வேண்டும், ஒரே தட்டில் பட்டியலிலிருந்து விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பேம் என்று குறிக்கப்படும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது, முடிந்தால் 0.1-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நாங்கள் சின்னக் கடை, இந்த விதி பெரியவர்களுக்கு என்று அப்போது படித்துவிட்டு நகர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் டிசம்பர் இரண்டாம் வாரம், சீசன் அறிவிப்பை ஒரே நாளில் மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பினேன். 5000-ஐத் தாண்டிய ஒரே நாள் அதுதான். ஒரு தடவை தாண்டினால் போதும், அதற்குப் பிறகு நிரந்தரமாகப் பெரிய அனுப்புநராகத்தான் கூகுள் பார்க்கும் என்று அவர் சொன்னபோது, என் பேனா நின்றுவிட்டது. சீசனின் மீதி நாட்களில் ஜிமெயிலுக்கு அனுப்பிய எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குப் போயிருக்கின்றன.

எனக்காக அவர் செலவிட்டது இருபது நிமிடம் இருக்கும். பின்னால் காத்திருந்தவர்களில் இருவருக்கு அதே கோளாறு. அந்த இருபது நிமிடத்துக்காகவே இந்த மாநாட்டுக்கு இன்னொரு முறை போவேன். இதை ஏன் நாற்பது நாற்காலி அறையில், ஒரே ஒரு தடவை வைத்தார்கள் என்று கருத்துப் படிவத்தில் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அன்று மதியம் 'எங்கள் தோல்விகள்' என்று ஓர் அமர்வு. மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். அதில் ஒருவர் வாராவாரம் தள்ளுபடி அனுப்பியே தன் வாசகர்களைக் காத்திருக்கப் பழக்கிவிட்டதைச் சொன்னார். தள்ளுபடி இல்லாத வாரத்தில் யாரும் வாங்குவதில்லை. அதைச் சரிசெய்ய முழுசாக ஓராண்டு ஆகியிருக்கிறது. மேடையில் அப்படிப் பேசத் துணிவு வேண்டும். வெற்றிக் கதை சொல்கிறவர் தனக்குப் பொருந்தியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தோற்றவர் எந்த இடத்தில் சறுக்கியது என்று காட்டுகிறார், நம் வழியிலும் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது.

ஸ்டால்களைப் பற்றி ஒரு மனக்குறை, அதைச் சொல்லாமல் விட முடியாது. கழுத்தில் மாட்டிய பேட்ஜில் கியூஆர் கோடு இருந்தது. ஒரு ஸ்டாலில் பேனா எடுத்துக்கொள்ளும்போது அதை ஸ்கேன் செய்தார்கள், வருகைக் கணக்குக்கு என்று நினைத்தேன். வீடு திரும்பிய மறுநாளிலிருந்து நான் பெயர்கூடக் கேட்டிராத நிறுவனங்களின் மின்னஞ்சல்கள். சிலவற்றில் விலகும் இணைப்பே இல்லை. ஸ்கேன் செய்யும் முன் "உங்கள் முகவரி எங்களிடம் வரும், சம்மதமா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன்; பதிவுப் படிவத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. தேடிப் பார்த்தேன், நீண்ட விதிமுறைகளுக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. ஒருவர் தன் முகவரியை நம்மை நம்பிக் கொடுக்கிறார். எங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் அப்படிக் கொடுத்தவர்கள்தான், அதனால்தான் இது எனக்கு வலித்தது. நீங்கள் போனால், மாநாட்டுக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து நிறுவனரிடம் ஒரே ஒரு பக்கம்தான் கொடுத்தேன். அதில் நான்கு வேலைகள். டிமார்க் சரிசெய்ய எங்கள் டொமைன் அமைப்பில் சில வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது, அரை நாளில் முடிந்தது. ஒரே தட்டில் விலகும் வசதி எங்கள் சேவையிலேயே இருந்தது, நான்தான் இயக்கவில்லை. காகிதத்தைப் பற்றிய வரிகளை மாற்றி எழுதுவது இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு நோட்டிலும் ஆறு வகைப் பேனாவால் எழுதி, பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன். காகிதத்தைத் தொட்டுப் பார்க்காமல் இனி எந்த வரியையும் எழுத மாட்டேன்.

பெயர் விளம்பரச் சோதனை மேடையில் கேட்டது போல நேராக முடியவில்லை. இரண்டு வாரம் நிறுத்தினேன். முதல் வாரம் ஆர்டரில் வித்தியாசமே இல்லை. இரண்டாம் வாரம் எங்கள் பெயரைத் தேடினால் மேலே வேறொரு கடையின் விளம்பரம் வந்து நின்றது, ஆர்டரும் கொஞ்சம் குறைந்தது. இரண்டு வாரக் கணக்கு சின்னது, அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு முன்பு செலவழித்ததில் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்து ஓட்டுகிறேன். சீசன் இல்லாத மாதத்தில் மறுபடி நிறுத்திப் பார்ப்பேன்.

மின்னஞ்சலை மட்டும் பொறுமையாகத் தொடங்கினோம். கடந்த ஆண்டில் எங்களிடம் வாங்கியவர்களுக்கு மட்டும் முதலில், சின்னச் சின்னத் தொகுதிகளாக. மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்காக கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பேம் விகிதத்தைத் தினமும் காலையில் பார்த்தேன். ஐந்தாவது வாரம் ஜிமெயில்காரர்களின் கிளிக் மெதுவாக எழுந்தது. அந்த வார மின்னஞ்சலுக்கு, எட்டு ஆண்டாக எங்களிடம் டைரி வாங்கும் ஒரு வாடிக்கையாளர் பதில் எழுதியிருந்தார்: "ரொம்ப நாளா உங்க மெயிலே காணோமே, கடையை மூடிட்டீங்கன்னு நினைச்சேன். அதனால இந்த வருஷத்து டைரியை வேற இடத்துல வாங்கிட்டேன். அடுத்த வருஷத்துக்கு எப்போ வரும்?"

அச்சகத்தில் தேதி கேட்டு, அன்றே அவருக்கு எழுதினேன்.